இடது கடைவாய்

எங்கள் வீட்டில் யாரும் பல் தெரியச் சிரிப்பதில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தாலே அது புரியும். என் பாட்டனார், அவருடைய தங்கைகள், என் தந்தை, அவருடைய அத்தை, சித்தப்பா பிள்ளைகள், நான். எல்லாருக்கும் முதுகு நேராக இருக்கும். தாடை சற்று உயர்ந்திருக்கும். உதடுகள் ஒன்றோடொன்று பொருந்தி மூடியிருக்கும். தெருவில் எங்களுக்குச் சிரிக்காத வீடு என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனாலும் அதைச் சொல்லும்போது அவர்கள் குரல் தானாகத் தணிந்துவிடும் என்பதால் நான் அதை மறுத்ததில்லை.

வீட்டின் முன்பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். முற்றத்தைத் தாண்டினால் பின்பகுதி முழுவதும் மிட்டாய்ப் பட்டறை. காலையில் முதல் கொப்பரை கொதிக்கத் தொடங்கியதும் அதன் ஆவி முற்றத்தைக் கடந்து எங்கள் அறைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடிகளில் மெல்லிய சர்க்கரைப் படலம் எப்போதும் இருக்கும். துடைத்தால் மறுநாள் திரும்ப வந்துவிடும். அதன் வழியே உள்ளே வரும் வெயில், நீருக்கு அடியில் இறங்கிய வெயில்போல அசைந்துகொண்டிருக்கும். தாழ்ப்பாள் கையில் ஒட்டும். புத்தகத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். இந்த வீட்டில் கண்ட கனவைக்கூட விடிந்தபின் உரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்று என் தம்பி மனைவி சொல்வாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. பேசினால் இப்படி ஏதாவது சொல்வாள்.

பாகின் பதம் பார்ப்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளின் வேலை. பால் பற்கள் விழுந்து, கடைவாயில் புதுப் பற்கள் முளைத்து முடிந்த பிள்ளை உயர முக்காலியில் ஏறி உட்கார வேண்டும். பாகு மாஸ்டர் கொதிக்கும் கொப்பரையிலிருந்து மரக்கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். அது மணியாக உறையும். பிள்ளை அதை எடுத்து இடது கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கும். பல்லில் ஒட்டினால் பாகு இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் சுத்தமாக உடைந்தால் பதம் வந்துவிட்டது. "இறக்குங்க" என்று பிள்ளை சொன்ன பிறகுதான் கொப்பரை அடுப்பை விட்டு இறங்கும்.

உடைந்த துண்டைத் துப்பக் கூடாது. கன்னத்தில் ஒதுக்கி, அது கரையும்வரை வைத்திருந்து, கடைசியில் கசப்பு தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கொப்பரைக்கும் அடுத்த கொப்பரைக்கும் நடுவே வாய் கொப்பளிக்கக் கூடாது. தண்ணீர் நாக்கை மழுங்கடித்துவிடும் என்று என் பாட்டனார் வகுத்துவைத்திருந்தார். வலது பக்கம் சாப்பாட்டுக்கு, இடது பக்கம் தொழிலுக்கு. எங்கள் ஜாடிகளில் ஒட்டும் தாளில் 'வீட்டுப் பிள்ளையின் பல் அறிந்தது' என்று அச்சிட்டிருக்கிறோம். அது வெறும் விளம்பரம் அல்ல, நாங்கள் கொடுத்த வாக்கு.

ஒருமுறை என் தம்பி எங்கிருந்தோ ஒரு வெப்பமானி வாங்கி வந்தான். பாகில் வைத்தால் பதத்தை அதுவே காட்டும் என்றான். பாதரசத்துக்குப் பாட்டன் முப்பாட்டன் உண்டா என்று நான் கேட்டேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வெப்பமானி பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. வெயில் எப்படி என்று தெரிந்துகொள்ள வேலையாட்கள் அதைப் பார்ப்பதுண்டு. என் தம்பி முக்காலியில் உட்கார்ந்தவன் அல்ல. சிறு வயதில் அவனுக்குப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்திருந்ததால் அவனை ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் சிரிப்பதற்குத் தகுதியான பற்கள் அவனிடம்தான் இருந்தன. அவனும் அவற்றை மரியாதைக்காகக் கையால் மறைத்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய ஒரே மகளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். பன்னிரண்டு வயதில் முக்காலியில் ஏறினாள், இப்போது பதினான்கு நடக்கிறது. பள்ளிக்குப் போகும் முன்னால் காலைக் கொப்பரைகள், திரும்பி வந்த பிறகு மாலைக் கொப்பரைகள். சீருடையோடு முக்காலியில் உட்கார்ந்து, கால்கள் தரையைத் தொடாமல் ஆட, கண்ணை மூடிக்கொண்டு அவள் கடிப்பதைப் பார்க்கப் பட்டறையே அமைதியாகிவிடும். பாகு மாஸ்டருக்கு என் வயது. அடுப்போடு பேசுகிற மனிதர், யாருடைய சொல்லுக்கும் கரண்டியை இறக்காதவர். சிட்டு தலையசைத்தால் மட்டும் சிறு பிள்ளைபோலக் கேட்பார். நான் இறங்கிய பிறகு அந்த முக்காலியில் உட்கார்ந்தவர்களில் இவளைப்போல யாரும் இல்லை என்று அவர் சொன்னபோது நான் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அன்று மாலை மட்டும் கூடத்தில் கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

சிட்டுக்கு இருந்த ஒரே குறை சிரிப்பு. எதற்கெடுத்தாலும் வாயைத் திறந்து சிரித்துவிடுவாள். "வாயை மூடு" என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். சில மாதங்களாக அப்படிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண் வளர்கிறாள், வீட்டின் நடைமுறை படிகிறது என்று நான் மகிழ்ந்தேன். அவள் பக்கத்தில் போனால் கிராம்பு வாசனை அடித்தது. அவளுடைய தட்டில் மட்டும் எல்லாம் மசித்து வைக்கப்பட்டிருந்தது. தலையணையில் ஒரே பக்கமாகப் படுத்தாள். இவ்வளவையும் பார்த்தேன். பார்த்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு ஒருநாள், பச்சை மிட்டாய் போட்ட ஒரு கொப்பரை தவறிப்போனது. ஜாடியில் போட்ட மிட்டாய்கள் மறுநாள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகிவிட்டன. பதம் வருமுன்னே இறக்கிய பாகு. என் நினைவில் அப்படி நடந்ததே இல்லை. பாகு மாஸ்டர் அந்தப் பாளத்தைக் கையில் ஏந்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் வழியே அவர் முகம் பச்சையாக, நெளிந்து, குளத்தின் அடியில் இருக்கும் முகம்போலத் தெரிந்தது.

"பெரியம்மா, பாப்பா கடிக்கறதே இல்ல. ரொம்ப நாளா. மணியைக் கிண்ணத்துல தட்டிப் பாத்துட்டுச் சொல்லுது. அதுவும் சரியாத்தான் சொல்லிட்டிருந்துச்சு. அதனாலதான் உங்ககிட்ட வரல."

நான் சிட்டுவைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்துவிட்டது.

வீட்டுப் பெரியவர் யாராவது வர வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். ஆண்டு விழாவுக்கு எங்கள் மிட்டாய்தான் போகும், அதுபற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன். பள்ளியின் பெரிய அறையில் வேறு என்னவோ நடந்துகொண்டிருந்தது. பல் டாக்டர் ஒருத்தி வந்திருந்தாள். இளம் பெண். ஜன்னல் ஓரமாக ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தது. வெள்ளைத் திரைகள் காற்றில் உப்பி உப்பி அடங்கின. பிள்ளைகள் வரிசையாக வந்து, சாய்ந்து, வாயைத் திறந்தார்கள். கூட்டில் இருக்கும் குஞ்சுகள் வானத்தைப் பார்த்துத் திறப்பதுபோல அத்தனை வாய்கள். டாக்டர் கையிலிருந்த சிறிய வட்டக் கண்ணாடி வெயிலைப் பிடித்து ஒவ்வொரு வாய்க்குள்ளும் ஒரு துளி வெளிச்சத்தை விட்டது. அந்தத் துளி பல் பல்லாகத் தாவிப் போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கண் சொருகியது.

சிட்டுவின் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து முடித்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு எல்லாரையும் பார்த்தாள்.

"உங்க வயசுல சொத்தை வர்றது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பாக்கறதுதான். ஆனா இந்த வகுப்புல எல்லாருக்கும் இடது பக்கம்தான் சொத்தை. வலது பக்கம் பளிங்கு மாதிரி இருக்கு. இது எப்படின்னு யாராவது சொல்றீங்களா?"

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். பத்துப் பேர் தரையைப் பார்த்தார்கள், பத்துப் பேர் கூரையைப் பார்த்தார்கள். எல்லாருடைய இடது கன்னமும் லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. பட்டறையில் விழும் உடைசல்களைச் சிட்டு பையில் போட்டுக்கொண்டு போவாள். தோழிகளோடு பகிர்ந்து தின்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் தின்னக் கொடுக்கவில்லை. பதம் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். இடது கடைவாயில் வை, கடி, துப்பாதே, கரையும்வரை வைத்திரு, வாய் கொப்பளிக்காதே. பள்ளி மணி அடிக்கும்வரை ஒரு வகுப்பே என் பாட்டனாரின் விதிகளைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பாடம் கேட்டிருக்கிறது.

அந்த நேரத்தில் எனக்குள் முதலில் வந்தது பெருமைதான். அதன் பின்னாலேயே வேறொன்று வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் முதுகை நிமிர்த்தி நின்றேன், வாய் திறக்கவில்லை.

அவள் சிட்டுவை மட்டும் இருக்கச் சொன்னாள். நாற்காலிக்குப் பக்கத்தில் என்னையும் நிறுத்தி, அந்த வட்டக் கண்ணாடியில் காட்டினாள். இடது கீழ்க் கடைவாயில் ஒரு பல், நடுவில் கறுத்து, உள்ளே குகைபோலக் குழிந்திருந்தது. அதற்கு அடுத்ததிலும் ஒரு புள்ளி. மேலே ஒன்று. குழிக்குள் சர்க்கரை தங்குகிறது, அது புளித்துப் பல்லைக் கரைக்கிறது, கரைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தங்குகிறது என்று அவள் விளக்கினாள். எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட, எவ்வளவு நேரம் பல்லின்மேல் வைத்திருக்கிறோம் என்பதுதான் கணக்கு என்றாள். பெரிய குழி இருந்த பல்லில் வேர் வரைக்கும் போய்விட்டது. ஆனாலும் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம்.

"ஆனா ஒண்ணு. வாய்க்குள்ள சர்க்கரையை ஒதுக்கி வைக்கறது இன்னியோட நிக்கணும். இல்லேன்னா நான் எதை அடைச்சாலும் நிக்காது. இந்தப் பல் போனா இன்னொண்ணு முளைக்காது. அடுத்தது இதோ காத்துக்கிட்டு இருக்கு. இருபத்தஞ்சு வயசுல இந்தப் பக்கம் வெறும் ஈறுதான் இருக்கும்."

ஆகட்டும், வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்று நான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பல்வரிசை ரொம்ப அழகா இருக்குங்க அம்மா. எங்க கல்லூரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருப்பாங்க, அந்த மாதிரி."

நான் உதட்டை மூடிக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. என் பற்கள் என்னுடையவை அல்ல. திருமணம் வேண்டாம் என்று நான் சொன்ன வருடமே இடது பக்கம் காலியாகிவிட்டது. தொழிலை வலது பக்கத்துக்கு மாற்றினேன், அதுவும் காலியானது. உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி வேறு ஊருக்குப் போய்ப் பொய்ப்பல் கட்டிக்கொண்டு வந்தேன். என் அறைக்குள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் அதைக் கழற்றுவேன், கழுவுவேன். என் தம்பிக்குக்கூடத் தெரியாது. முக்காலியை விட்டு இறங்கியபோது, வயது வந்துவிட்டது, இனி இளையவர்கள் பார்க்கட்டும் என்றேன். எல்லாரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சிட்டுவோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். தெரு வளைவில், மரநிழலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, முக்காலியை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. வலிக்குதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மா தானா கண்டுபிடிச்சிட்டாங்க. நான் வலது பக்கம் வச்சுப் பாக்கறேனே. வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு."

நான் சொன்ன அதே சொல். நான் சொன்னது இவள் வயதில் அல்ல, கொஞ்சம் பிந்தி. அவள் பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் முக்காலியிலிருந்து அவளை இறக்க வேண்டும். இறக்கினால் எங்கள் வீட்டில் முளைத்த பல் உள்ள வேறு பிள்ளை கிடையாது. ஜாடியில் ஒட்டிய தாள் பொய்யாகிவிடும். அவளோ அந்த முக்காலியில் உட்காரத்தான் இவ்வளவு வலியையும் விழுங்கியிருக்கிறாள்.

"வீட்டுக்கு வா," என்று மட்டும் சொன்னேன்.

கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மதியக் கொப்பரையின் ஆவி வந்துகொண்டிருந்தது. சர்க்கரை படிந்த கண்ணாடி வழியே வெயில் சுவரில் அசைந்தது. நான் தூங்கினேனா என்று சொல்ல முடியாது. படங்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். முதலில் என் தந்தையின் அத்தை, பிறகு பாட்டனாரின் தங்கைகள். உள்ளே ஒரு பல்கூட இல்லை. பல் இருக்க வேண்டிய இடத்தில் மிட்டாய் ஜாடிக்குள் இருப்பதுபோல நிறம் நிறமாக வெளிச்சம் இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை. அவர்கள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பல் டாக்டருக்குக் காட்டும் பிள்ளைகளைப்போல வாயை அகலத் திறந்து, பொறுமையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் என் படம் மட்டும் மூடியிருந்தது. எல்லாரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். என் படத்தின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, பதம் வராமல் இறக்கிய பாகுபோல.

கண் விழித்தபோது தம்பி மனைவி என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் கிராம்புத் தைலப் புட்டி.

"அண்ணி, நான் எவ்வளவு நாளைக்கு மசிச்சுப் போட முடியும்? சொல்லுங்க. எல்லாத்தையும் மசிச்சுடலாம். அவளையும் சேத்து மசிச்சுடாதீங்க."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, மறுபடியும் அதே நல்ல உடையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டாக்டர் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் இடது பக்கம் என்று அவளிடம் சொன்னேன். எங்கள் தொழில்முறை அது, அதில் பிள்ளைகள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்றேன். இனி உடைசல் எதுவும் வீட்டு வாசலைத் தாண்டாது என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை, என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அப்படியானால் இந்த வகுப்புக்குச் சிகிச்சை சுலபம், காரணம் தெரிந்துவிட்டது என்றாள். சிட்டுவின் பல்லுக்கு வேர் சிகிச்சை மறுநாளே தொடங்கலாம் என்று முடிவாயிற்று. விடைபெறும்போது அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். கேட்டதும் அவள் யோசித்தாள். "தாராளமா. அதுல சொத்தை எதுவும் பிடிக்காது. கழுவி வைங்க, அவ்வளவுதான்," என்றாள்.

மாலைக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தபோது நான் பட்டறைக்குள் நுழைந்தேன். அன்று மஞ்சள் மிட்டாய். அடுப்பின் வெளிச்சமும் சாயங்கால வெயிலும் பாகின் நிறமும் ஒன்றாகக் கலந்து பட்டறை முழுவதும் தேனுக்குள் மூழ்கியதுபோல இருந்தது. மனிதர்கள் மெதுவாக நகர்ந்தார்கள். முக்காலி காலியாக இருந்தது. சிட்டு அதன் அருகில், ஏறாமல், ஒரு கையை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் இல்லை. வலியை விழுங்கிப் பழகியவள்.

என் தம்பி ஆணியிலிருந்து வெப்பமானியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, வேற வழி இல்ல. இன்னிக்கு ஒரு நாளைக்கு இதை வைப்போம்."

"வீட்டுப் பிள்ளையின் பல்னு ஒட்டியிருக்கோம்டா. வெப்பமானிக்குப் பல் இருக்கா?"

"அவளுக்கும் இல்லாம போயிடும். அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

நான் முக்காலியில் ஏறினேன். ஏறினேன் என்று சொன்னால் போதாது. பாகு மாஸ்டர் ஒரு பக்கமும் என் தம்பி ஒரு பக்கமும் தாங்க வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் முதுகை நேராக்கிக்கொண்டேன். பிறகு, வேலையாட்கள், தம்பி, வாசலில் நின்ற தம்பி மனைவி, சிட்டு எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாயில் விரலைவிட்டு மேல் வரிசையைக் கழற்றினேன். பிறகு கீழ் வரிசையை.

என் கன்னங்கள் உள்ளே விழுந்ததை நானே உணர்ந்தேன். என்னை அப்படிப் பார்த்தவர் அதுவரை யாரும் இல்லை. பாகு மாஸ்டர் மட்டும், எப்போதும் செய்வதுபோல, கொப்பரையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினார். முதல் நாள் முக்காலியில் ஏறிய பிள்ளைக்கு நீட்டுவதுபோல.

மணியை எடுத்தேன். இடது கையில் கீழ் வரிசை, வலது கையில் மேல் வரிசை. இடது கடைவாய்ப் பற்களுக்கு நடுவே மணியை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினேன். கையால் கடிப்பது எனக்குப் பழக்கமில்லை. மணி நசுங்கியது. மேல் வரிசையைத் தூக்கினால் கீழ் வரிசையும் கூடவே எழுந்து வந்தது. நன்றாக ஒட்டிக்கொண்டது.

"காயணும்," என்று சொன்னேன். பல் இல்லாத வாயில் அந்தச் சொல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் பாகு மாஸ்டருக்குப் புரிந்தது. அவர் அடுப்பைத் தூண்டினார்.

பற்களைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டு அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தேன். அடுத்ததும் ஒட்டியது, முன்னளவு இல்லை. எனக்கு உடையும் சத்தம் சரியாகப் பிடிபடவில்லை. முன்பெல்லாம் அது தாடை எலும்பு வழியே மண்டைக்குள் கேட்கும். இப்போது அது என் கையில் இருந்தது, என் காதோ வயதானது. சிட்டுவை அருகில் வரச் சொன்னேன். பற்களை அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுத்தினேன்.

"இன்னும் ஒரு கொதி, அத்தை. உள்ள ஈரம் இருக்கு."

ஒரு கொதி ஆனது. மறுபடியும் சொட்டு, மணி, அவள் காது. நான் அழுத்தினேன். கண்ணாடி உடைவதுபோலச் சுத்தமாக, சின்னதாக ஒரு சத்தம். இரண்டு வரிசையும் தனித்தனியே விலகி வந்தன. ஒரு துணுக்கும் ஒட்டவில்லை. உடைந்த துண்டை நான் என் ஈறில் ஒதுக்கிக்கொண்டேன். கரையக் கரையப் பார்த்தேன், கசப்பு இல்லை. சர்க்கரைக்கு என் வாயில் தின்பதற்கு ஒன்றும் இல்லை, அது பாட்டுக்குக் கரைந்து போயிற்று.

"இறக்குங்க," என்று சிட்டு சொன்னாள்.

கொப்பரை இறங்கியது. மஞ்சள் பாகு கல்மேடையில் பரவியது, சாயங்காலம் கால் நீட்டிப் படுத்ததுபோல. அப்போதுதான் சிட்டு என் கையைப் பார்த்தாள். இரண்டு கையிலும் இரண்டு வரிசைப் பல்லைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, வீட்டுத் தலைவியாக முக்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாயை முழுவதுமாகத் திறந்து சிரித்தாள். இடது கடைவாயில் அந்தக் கறுத்த குழிகூடத் தெரிந்தது. வாசலில் தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. என் தம்பி கையால் வாயைப் பொத்தப் போனான். கையில் வெப்பமானி இருந்ததால் பொத்த முடியவில்லை.

தெருவில் இதைப் பலவிதமாகப் பேசுகிறார்கள். பெரியம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். தாளில் அச்சிட்டது பொய்யாகவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான். சிட்டுவின் பல் இப்போது அடைக்கப்பட்டு, அவளிடமே இருக்கிறது.

அன்று மாலை அவள் அப்படிச் சிரித்தபோது வழக்கம்போல வாயை மூடு என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த கொப்பரை கொதிக்கத் தொடங்கியிருந்தது, என் பற்களோ என் கையில் இருந்தன.